பர்கண்டியின் திராட்சைச் சரிவு

பூகோள பாடம் சொல்லிக்கொடுப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். "சீதோஷ்ண நிலை" என்னும் சொல்லைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓரிடத்தின் வெப்பம், மழை, காற்று ஆகியவற்றின் நெடுங்காலச் சராசரியே அவ்விடத்தின் சீதோஷ்ண நிலை என்பது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றுப் பிறகு என் மாணவர்களுக்குக் கற்பித்த இலக்கணம். ஆனால் இச்சொல்லுக்கு முற்றிலும் வேறான பொருள் வழங்கும் நாடொன்று உண்டு. பிரான்சு தேசத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள பர்கண்டியில் ஒரு குடியானவரிடம் "கிளிமா" என்று கூறினால் அவர் வானத்தை நோக்குவதில்லை. காலடியிலுள்ள நிலத்தை நோக்குகிறார். எல்லை வகுத்துப் பெயர் சூட்டிய ஒரு திராட்சைத் துண்டு நிலத்துக்கே அங்கு "கிளிமா" என்று பெயர். மண்ணையும் வானத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் அந்த மக்களின் நிலத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

திராட்சை மதுவுக்குப் பேர்போன நாட்டைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். மதுவை நான் தொட்டவன் அல்லன். தொடுமாறு எவருக்கும் சொல்பவனும் அல்லன். கிண்ணத்தைப் பற்றிய பேச்சன்று இது. கொடியையும் அது வேரூன்றிய மண்ணையும் பற்றியது. அந்த அளவில் இதைச் சிறுவர்களும் கேட்கலாம்.

முதலில் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பர்கண்டி உள்நாட்டுப் பிரதேசம். மேற்கேயுள்ள அட்லாண்டிக் மாகடலும், தெற்கேயுள்ள மத்தியதரைக் கடலும் அதற்குச் சில நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அதன் தலைநகரான டிஜோன் வட அட்சரேகை 47 பாகையில் இருக்கிறது. கடல், தன் அருகிலுள்ள நிலத்தைக் கோடையில் குளிர்வித்தும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக வைத்தும் காக்கும் இயல்புடையது. அந்தக் காவல் பர்கண்டிக்குச் சிறிதளவே வாய்க்கிறது. ஆகவே அங்குக் குளிர்காலம் கடுமையானது. கோடை நல்ல வெயிலுடையது. இரண்டுக்கும் இடைப்பட்ட வசந்தமோ நம்பத்தகாதது. ஜனவரியில் டிஜோனின் சராசரி வெப்பம் இரண்டு மூன்று பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஜூலையில் அது இருபது பாகையை ஒட்டி நிற்கும். ஆண்டு மழை ஏறக்குறைய 750 மில்லிமீட்டர். சென்னை மாநகர் பெறுவதில் பாதியளவுதான். ஆயினும் நம் நாட்டைப்போல் ஒரு பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடாமல், எல்லா மாதங்களிலும் அது பரவிப் பெய்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பள்ளியில் நான் பல ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கும் திராட்சை உண்டு. கல்தூண்களின்மேல் கம்பிப் பந்தலிட்டு, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருப்பதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். அந்தப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரே அக்கொடியை அங்குக் கொணர்ந்தார் என்பர். கம்பத்தில் கொடி உறங்குவதில்லை. அதை உறங்கவைக்கும் குளிர் அங்கே கிடையாது. விவசாயி கவாத்துக் கத்தியை எடுக்கும் நாளே கொடிக்கு வசந்தம். ஆகையால் ஆண்டின் எந்த மாதத்திலும் பள்ளத்தாக்கின் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். பர்கண்டியிலோ கொடியின் நாட்காட்டியைக் குளிரே எழுதுகிறது. நவம்பரில் இலை உதிர்ந்து, கொடி கட்டைபோல் நிற்கும். ஏப்ரலில் மொட்டு அவிழும். ஜூனில் பூக்கும். பூத்த நாளிலிருந்து ஏறக்குறைய நூறு நாளில் கனி அறுவடைக்கு வந்துசேரும் என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. ஆண்டுக்கு ஒரே அறுவடை. அது தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

2019-ஆம் ஆண்டு அக்டோபரில், டிஜோனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் மகளின் வீட்டில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்குத் தாழ்ந்த மலைச்சரிவொன்று ஓடுகிறது. அதனைப் "பொற்சரிவு" என்று பொருள்படும் "கோத் தோர்" என்னும் பெயரால் அழைக்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற அந்தத் திராட்சை நிலத்தின் அகலத்தைக் கண்டு நான் வியப்படைந்தேன். சில இடங்களில் அது சில நூறு மீட்டர்தான். அகன்ற இடத்திலும் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. பெருஞ்சாலையிலிருந்து மலையுச்சியிலுள்ள காடுவரை அரைமணி நேரத்தில் நடந்துவிடலாம். நான் ஒருநாள் காலை அவ்வாறு நடந்தேன். அந்த அரைமணி நேரத்தில் ஒரு புத்தகத்தின் பாடத்தைக் கால்களால் படித்தேன் என்றே சொல்லவேண்டும்.

சாலைக்குக் கிழக்கே சோன் ஆற்றின் சமவெளி. கறுத்த, ஆழமான வண்டல் மண். கோதுமைக்கு ஏற்ற பூமி. அங்கே திராட்சை இல்லை. சாலையைக் கடந்து மேற்கே ஏறத் தொடங்கினால் முதலில் கனத்த களிமண். அதிற் கொடிகள் உண்டு, ஆனால் அவற்றின் கனிக்கு விலை குறைவு. சரிவின் நடுப்பகுதிக்கு வந்தால் மண்ணில் வெண்மையான சுண்ணாம்புக்கற்கள் தென்படுகின்றன. கால் வைத்த இடமெல்லாம் சரளை. கடல்மட்டத்துக்கு 250 முதல் 300 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த நடுச்சரிவில்தான் புகழ்பெற்ற தோட்டங்கள் யாவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இன்னும் மேலே ஏறினால் மண் ஒரு சாண்கூட இல்லாமற் பாறை தலைகாட்டுகிறது, காற்றும் குளிர்கிறது. அப்பால் காடு.

கொழுத்த மண்ணை விட்டுவிட்டுச் சரளையில் போய்க் கொடியை ஊன்றுவானேன்? இக்கேள்வியை என்னிடம் முதன்முதலிற் கேட்டவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். ஐரோப்பாவின் விளைபொருள்களை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "ஐயா, எங்கள் அப்பா வண்டல் மண்ணில்தான் கொடி நன்றாக வரும் என்கிறார். புத்தகத்தில் கல்நிலம் என்று போட்டிருக்கிறதே?" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரீட்சையில் புத்தகத்தில் உள்ளபடி எழுது" என்று உட்காரவைத்துவிட்டேன். அந்த விடை ஆசிரியனுக்கு அழகன்று. சரிவில் ஏறும்போது அவன் முகம் என் நினைவுக்கு வந்தது. அவனுக்கு அன்றே நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்கிறேன்.

அவனுடைய தந்தை சொன்னது தவறன்று, புத்தகமும் தவறன்று. தின்பதற்கான திராட்சையில் பெரிய கனியும் மிகுந்த விளைச்சலும் வேண்டும். அதற்கு ஈரமும் உரமும் உள்ள மண் உகந்தது. மதுவுக்கான திராட்சையின் தேவை வேறு. நிறமும் மணமும் பெரும்பாலும் கனியின் தோலில் உள்ளன. கனி சிறுத்திருந்தால் சாற்றைவிடத் தோலின் விகிதம் கூடும். கொழுத்த மண்ணில் கொடி தன் வலிமையைத் தழையாகவும் புதுக்கிளையாகவும் செலவிடுகிறது. கனி நீர்த்து, பழுப்பதற்கும் தாமதமாகிறது. கோடை குறுகிய நாட்டில் தாமதம் பெருங்கேடு. கனி முற்றுமுன் குளிர் வந்துவிடும். நடுச்சரிவில் மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்கிடையே வேர் ஆழச் செல்கிறது. அங்குள்ள களிமண் கோடையில் கொடி வாடாத அளவுக்கு ஈரத்தைப் பிடித்துவைத்திருந்து சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. வடிகாலும் ஈரமும் அளவோடு கூடிய இடமே நல்ல இடம்.

இனி வெயிலைப் பார்ப்போம். அவ்வளவு வடக்கே சூரியன் உச்சிக்கு வருவதில்லை, சாய்ந்தே ஒளிர்கிறது. சமவெளியில் சாய்வாக விழும் கதிர், கிழக்கு நோக்கிய சரிவில் நேராக விழுகிறது. காலைக் கதிர் முதலில் அங்கே பட்டு, இரவின் பனியை உலர்த்துகிறது. மேற்கிலுள்ள குன்றுகள் மழைக்காற்றை ஓரளவு தடுத்து நிற்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போலத் தாழ்ந்த இடத்தை நோக்கி வழியும். ஆகவே தெளிந்த இரவுகளில் குளிர் சமவெளியிலும் பள்ளங்களிலும் போய்த் தேங்குகிறது, நடுச்சரிவு தப்பிக்கிறது. சரிவொன்றே மண்ணுக்கு வடிகாலாகவும், வெயிலுக்கு ஏந்துபலகையாகவும், குளிருக்கு மதகாகவும் அமைந்திருப்பதைக் காணுங்கள்.

இந்தச் சரிவு உண்டான வரலாறும் அறியத்தக்கது. 15 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஜுராசிக் யுகத்தில், அங்கே வெதுவெதுப்பான ஆழமற்ற கடல் இருந்தது. கிளிஞ்சல்களும் கடல் அல்லிகள் எனப்படும் உயிர்களும் மடிந்து படிந்து சுண்ணாம்புக்கல்லாயின. பின்னர் பூமியின் மேலோடு வெடித்து, கிழக்குப் பகுதி கீழிறங்கிச் சோன் சமவெளியாயிற்று. வெடிப்பின் விளிம்பு சரிவாக நின்றது. அவ்விளிம்பிலே வெவ்வேறு காலத்துப் பாறையடுக்குகள் உடைந்தும் நழுவியும் அருகருகே கிடக்கின்றன. அதனால்தான் நூறடி தள்ளிப் போனால் மண் மாறுகிறது. மண் மாறினால் சுவை மாறுகிறது. சுவை மாறினால் பெயரும் மாறுகிறது. இவ்வாறு பெயர் பெற்ற 1,247 கிளிமாக்களை 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அவற்றில் மிகுந்த புகழுடைய ரோமனே கோந்தி என்பதன் பரப்பு 1.8 ஹெக்டேர்; நம் கணக்கில் நாலரை ஏக்கருக்கும் சற்றுக் குறைவு!

இந்த நுட்பங்களை மண்ணியல் என்னும் விஞ்ஞானம் தோன்றுமுன்பே கண்டுகொண்டவர்கள் துறவிகள். 910-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட க்ளூனி மடமும், 1098-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சித்தோ மடமும் இப்பகுதியைச் சேர்ந்தவை. சித்தோ மடத்துத் துறவிகள் வூஜோ என்னுமிடத்தில் ஏறக்குறைய 50 ஹெக்டேர் நிலத்தைச் சேர்த்து, சுற்றிலும் மதில் எழுப்பினர். தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் உழைத்ததனால், எந்த மூலையில் பனி முதலில் உருகுகிறது, எந்தப் பாத்தியின் கனி முந்துகிறது என்பதெல்லாம் அவர்களுக்குப் புலப்பட்டன. பிரெஞ்சுப் புரட்சியின்போது அத்தோட்டம் பறிமுதலாகி விற்கப்பட்டது. மதில் இன்றும் நிற்கிறது; உள்ளே ஏறத்தாழ எண்பது உடைமையாளர் உள்ளனர்.

அச்சரிவுக்கு உரிய கொடிகள் இரண்டு: கருந்திராட்சையான பினோ நுவார், வெண்திராட்சையான ஷார்தொனே. இரண்டும் முந்திப் பழுப்பவை. ஆகையால் குறுகிய கோடைக்கு ஏற்றவை. மிகுதியாகக் காய்க்கும் காமே என்னும் கொடியை மக்கள் விரும்பி நட்டபோது, பர்கண்டியின் கோமகன் பிலிப்பு 1395-ஆம் ஆண்டில் அதனை வேரோடு பிடுங்கி எறியுமாறு கட்டளையிட்டான். விளைச்சலை நம்பிய ஏழைக் குடியானவனுக்கு அக்கட்டளை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். எனினும், அதே காமே தெற்கே பூஷொலேயின் கருங்கல் மண்ணில் இன்று சிறப்புற்று விளங்குகிறது. இழிந்த பயிர் என்று ஒன்றில்லை. இடம் தவறிய பயிர் என்றே கூறலாம்.

இந்நிலத்துக்கு நேர்ந்த பேராபத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி வேரை உறிஞ்சிக் கொடியைக் கொன்றது. 1878-ஆம் ஆண்டில் அது இச்சரிவிற் காணப்பட்டது. மருந்து பலிக்கவில்லை. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே முடிவான வழியாயிற்று. இதிலும் மண் குறுக்கிட்டது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் பல அமெரிக்க வேர்கள் இரும்புச்சத்தை எடுக்கமாட்டாமல் இலை மஞ்சளித்து மெலிந்தன. பியர் வியாலா என்னும் அறிஞர் 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்று, சுண்ணாம்பு நிலத்தில் தானாக வளரும் கொடியினத்தை டெக்ஸாஸில் கண்டறிந்தார். அதன் கலப்பினங்களே பின்னர் கைகொடுத்தன. ரோமனே கோந்தியில் மட்டும் பழைய வேர்கள் 1945 வரை விடாப்பிடியாகக் காக்கப்பட்டன. பின்பு அங்கும் ஒட்டுக்கொடியே நடப்பட்டது.

இன்றைய கவலை வானத்திலிருந்து வருகிறது. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் கோடைபோன்ற வெயில் அடித்தது. ஏமாந்த கொடிகள் மொட்டவிழ்ந்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் தொடர்ந்து சில இரவுகள் உறைபனி. குடியானவர்கள் நள்ளிரவில் எழுந்து, கொடிவரிசைகளுக்கிடையே ஆயிரக்கணக்கான பெரிய மெழுகுவத்திகளை ஏற்றிவைத்தனர். வடக்கே ஷப்லியில் கொடிகள்மீது தண்ணீர் தெளிப்பதும் உண்டு. நீர் உறையும்போது உள்வெப்பத்தை வெளிவிடும். தெளிப்பு நிற்காதவரை மொட்டு பனிக்கட்டிக்குள்ளே உயிரோடு இருக்கும். இத்தனை செய்தும் அவ்வாண்டு பெரும் விளைச்சல் அழிந்தது. முந்தி மொட்டுவிடும் ஷார்தொனேக்கே சேதம் மிகுதி. உலகம் வெப்பமடைந்தால் பனி குறையத்தானே வேண்டும் என்று கேட்கலாம். பனி இரவுகள் குறைகின்றன. ஆனால் கொடி அதைவிட விரைந்து முந்திக்கொள்கிறது. காவலில்லாத இளந்துளிரைக் கடைசிப் பனி எட்டிப் பிடித்துவிடுகிறது. இப்போது சிலர் கவாத்தைத் தாமதப்படுத்தி மொட்டைப் பின்தள்ளப் பார்க்கின்றனர். சிலர் குளிர்ந்த மேட்டுநிலங்களை நாடுகின்றனர்.

கொடி முந்துகிறது என்பதற்குச் சான்று யாது? இங்கேதான் என் உள்ளத்தைத் தொட்ட செய்தி வருகிறது. அச்சரிவின் நடுவே "போன்" என்றொரு சிறு நகரம் உள்ளது. தொலைபேசியை நினைக்கவேண்டாம், ஊரின் பெயரே அது. அவ்வூர் மாதா கோயிலுக்குத் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. கனி பறித்த கூலியாட்களுக்கு எந்த நாளில் என்ன கொடுத்தோம் என்று கோயிற் கணக்கர்கள் எழுதிவைத்தனர். பிற்காலத்தில் நகரசபைக் குறிப்புகளும் செய்தித்தாள்களும் அறுவடை நாளைப் பதிந்தன. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, 1354 முதல் 2018 வரை அறுவடை தொடங்கிய நாட்களை அறிஞர்கள் வரிசைப்படுத்தி, நான் அங்குச் சென்ற 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1987 வரை சராசரி நாள் செப்டம்பர் 28. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் அது 13 நாட்கள் முந்திவிட்டது. முன்னாளில் அபூர்வமாயிருந்த சுடுகோடை, இந்நாளில் வழக்கமாகிவிட்டது. 2003-ஆம் ஆண்டில் ஆகஸ்டு மாதத்திலேயே அறுவடை தொடங்கியது. பினோ நுவாரும் நடுச்சரிவும் ஒன்றுக்கொன்று பொருந்தியது பல நூற்றாண்டு அனுபவத்தின் பயன். அப்பொருத்தம் குலையுமோ என்பதே இன்று அங்குள்ளோரின் அச்சம்.

கூலிக் கணக்கை எழுதிய அந்தக் கணக்கருக்கு, தாம் உலகத்தின் வெப்பத்தை அளக்கிறோம் என்று தெரியாது. நாள் தவறாமல் எழுதினார், அவ்வளவே. அவருக்குப் பின்வந்தவர் அந்த ஏட்டை எறிந்துவிடவில்லை, அதுவே பெரிது.

இதனை ஏன் இவ்வளவு அழுத்திக் கூறுகிறேன் என்றால், என் பள்ளியில் நானும் மாணவர்களும் ஒரு மழைமானி வைத்து, பதினோராண்டுகள் மழைக்கணக்கு எழுதிவந்தோம். நான் கேள்வியை அடக்கிய அந்த மாணவனும் அதில் எழுதியவனே. மாடிப்படிக்கு அருகிலிருந்த அலமாரியில் நான்கு தடித்த நோட்டுப் புத்தகங்கள். நான் மாற்றலாகிப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து அங்கே சென்று கேட்டேன். வெள்ளையடிக்கும்போது பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். யார்மீதும் குறையில்லை. அவை எதற்கு உதவும் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லிவைக்கவில்லை. எனக்கே அப்போது முழுதும் தெரிந்திருக்கவில்லை.

நேயர்களே! உங்கள் ஊரில் மா பூத்த நாள், முதல் மழை பெய்த நாள், கிணற்று நீர்மட்டம் என ஏதேனும் ஒன்றைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். எழுதிய நோட்டை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நான் ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானி நட்டிருக்கிறேன். காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து எழுதுவது என் பேரனின் பொறுப்பு. நேற்றைய அளவு, 4 மில்லிமீட்டர்.